கொடுவாவுக்கு உயிர் இறாலா, ரப்பர் மீனா, மின்னோவா?

கரையிலிருந்து கொடுவா பிடிக்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "வருஷக்கணக்கா உயிர் இறால்தான் போடறேன். லூருக்கு, அதான் அந்தச் செயற்கை இரைக்கு, மாறலாமா? நாலு தடவை வீசிப் பார்த்தேன், ஒரு கடிகூட இல்லை." நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எப்போது வீசினீர்கள்? கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்வார்கள், இறால் தீர்ந்த பிறகு என்று.

இறால் தீரும்போது நீரோட்டமும் நின்றிருக்கும். மீன் சாப்பிடுகிற ஒரு மணி நேரம் போயே போயிருக்கும். அப்புறம் பையின் அடியில் கிடக்கும் லூரை எடுத்துப் பத்து வீச்சு வீசிவிட்டு, "இதெல்லாம் நம்ம ஊர் மீனுக்கு ஆகாது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நானும் இரண்டு வருஷம் இப்படித்தான் எழுதினேன். என் முதல் லூரின் முள் மீனைப் பார்க்காமலே துருப்பிடித்தது.

அதனால் இந்த ஒப்பீட்டில் மூன்றுக்கும் ஒரே இடம், ஒரே நேரம், ஒரே ஓட்டம் என்று வைத்துக்கொள்கிறேன். உயிர் இறால், கடையில் 'சாஃப்ட் பிளாஸ்டிக்' என்று கேட்டு வாங்கும் ரப்பர் மீன், நீச்சலடிக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் மின்னோ ஆகியவைதான் அந்த மூன்று. செத்த இறாலையும் வெட்டிய மத்தியையும் கணக்கில் சேர்க்கவில்லை. அதில் கொடுவா மாட்டவே மாட்டாது என்றில்லை, அதற்கு முன்னால் பத்துக் கெளிறு மாட்டும்.

## மீனைப் பற்றி இரண்டு வார்த்தை

நாம் கொடுவா என்பதைத்தான் ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி, வங்காளத்தில் பேட்கி, மலேசியாவில் சியாகாப் என்கிறார்கள். கடலில், முகத்துவாரத்தை ஒட்டி முட்டையிடும். குஞ்சுகள் உப்பங்கழிக்குள் வந்து வளரும். துரத்திப் பிடிக்கிற மீன் இல்லை இது. பாறை மறைவிலோ பாலத்தூண் நிழலிலோ ஓட்டத்தைப் பார்த்தபடி நிற்கும். இரை பக்கத்தில் வந்ததும் வாயை அகலத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். ராத்திரி அமைதியாக இருக்கும்போது அந்தச் சத்தம் கேட்கும். காலிக் குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீரில் அமுக்கியது போல ஒரு 'பொளக்'. அதைக் கேட்டவர் அன்றைக்கு வீட்டுக்குச் சீக்கிரம் போகமாட்டார்.

இன்னொன்று: கொடுவா சின்னதில் ஆணாக இருந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும். ஆகவே பெரிய மீன்கள் ஏறக்குறைய எல்லாமே முட்டையிடும் பெண்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தாலும் 120-க்கு மேலே இருந்தாலும் திருப்பி விட்டுவிட வேண்டும் என்று விதி வைத்திருப்பதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. எந்த இரை என்று முடிவு செய்யும்போது இதுவும் குறுக்கே வரும், பிறகு சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

விலையை வைத்து மட்டும் அளந்தால் தப்பாகப் போகும். நான் பார்ப்பவை இவை:

- நீரின் நிறம். முழங்கால் ஆழத்தில் உங்கள் கால்விரல் தெரிகிறதா, தெரியவில்லையா?
- உங்கள் நேரம். வேலை முடிந்து கிடைக்கிற இரண்டு மணி நேரமா, ஞாயிறு முழுவதுமா?
- அடித்தளம். மணலா, சிப்பியும் கொட்டலசும் ஒட்டிய பாறையா?
- ஒரு பருவத்துக்கு ஆகும் செலவு. ஒரு நாள் செலவு எல்லாரையும் ஏமாற்றும்.
- மீனை என்ன செய்யப் போகிறீர்கள்? குழம்பா, விடுவதா?

நீரோட்டத்தைப் பட்டியலில் சேர்க்கவில்லை. மூன்றுக்கும் அது வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூடச் சென்னைக் கரையில் கடல் ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அஷ்டமி, நவமி வாக்கில் அதுவும் பாதிக்கும் கீழே போய்விடும். ஓட்டமில்லாத நாளில் இரையை மாற்றிப் பயனில்லை, டீ குடிக்கப் போகலாம். கோடையில் அடையாறு, முட்டுக்காடு மாதிரி இடங்களில் மணல் சேர்ந்து வாய் அடைபட்டால் உள்ளே ஏற்ற இறக்கமே இருக்காது. கிளம்புவதற்கு முன் முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

## உயிர் இறால்

நேர்மையாகச் சொன்னால், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கடி என்று எண்ணினால் இன்றைக்கும் உயிர் இறாலை அடிக்க வேறு இல்லை. விரல் நீள வெள்ளை இறாலை எடுங்கள். நெற்றிக் கொம்புக்குக் கீழே ஒரு கருப்புப் புள்ளி தெரியும். அதைத் தொடாமல், அதற்கு முன்னால் முள்ளை ஏற்ற வேண்டும். புள்ளியில் குத்தினால் இறால் அங்கேயே முடிந்தது. சரியாகக் குத்திய இறால் அரைமணி நேரம் காலை உதறிக்கொண்டே இருக்கும். அந்த உதறல்தான் கொடுவாவைக் கூப்பிடுவது. பாறை இருந்தால் தக்கைக்குக் கீழே கட்டுங்கள். மணலானால் ஓடும் ஈயம் போதும்.

மழைக்காலத்தில் இதன் அருமை தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆறு செந்நிறமாக இறங்கும்போது முகத்துவாரத்தில் கொடுவா கூடும். ஆனால் ஒரு சாண் தூரம்கூட அதற்குக் கண் தெரியாது. அப்போது வாசனையும் துடிப்பும் உள்ள இரைதான் பேசும்.

மறைந்திருக்கும் செலவுக்கு வருவோம். முதலாவது, இறால் தேடும் நேரம். பழவேற்காடு, எண்ணூர்ப் பக்கம் இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் பறியில் போடுவார்கள். அவர்களிடம் வாங்கினால் இறால் கையில் குதிக்கும், கொடுக்கிற காசும் சரியான இடத்துக்குப் போகும். நகரத்துக்குள் இருக்கிறவருக்கு அந்த வசதி இல்லை. நான்கு மணிக்குக் கிளம்பி, இறால் தேடி, காற்று மோட்டார் வைத்த வாளியோடு பாறை ஏறி, முதல் இறாலைப் போடும்போது ஆறரை ஆகியிருக்கும். மோட்டாரின் பேட்டரி தீர்ந்தால் எல்லாம் வெள்ளையாக மல்லாந்துவிடும்.

இரண்டாவது, திருடர்கள். கீச்சான் கூட்டம் வந்தால் இருபது இறால் இருபது நிமிஷம். பேத்தை வந்தால் இறாலோடு நரம்பையும் கடித்துவிடும். கெளிறு மாட்டினால் அதன் முள் கையில் ஏறாமல் கழற்றுவது ஒரு தனிக்கலை. ஏறியவர்களுக்கு அந்த ராத்திரி மறக்காது.

மூன்றாவதைப் பலர் செலவாகவே நினைப்பதில்லை. கொடுவா இறாலை உறிஞ்சும்போது சாதாரண முள் தொண்டைக்குள் போய்விடும். அப்படிப்பட்ட மீனை விட்டாலும் பிழைப்பது கடினம். நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளுக்கு மாறுங்கள், 4/0 அளவில். ஆனால் கடித்ததும் ராடை வெடுக்கென்று இழுக்கிற பழக்கத்தை விட வேண்டும். மீன் திரும்பிப் போகும்போது முள் தானாக வாய் ஓரத்தில் ஏறும், நீங்கள் ரீலைச் சுற்றினால் போதும். இந்த ஒரு பழக்கத்தை மாற்ற எனக்கு ஆறு மீன் செலவானது.

## ரப்பர் மீன்

நான்கைந்து அங்குல ரப்பர் மீன், துடுப்பு மாதிரி வால், ஈயத்தலையோடு ஒற்றை முள். பார்க்கப் பொம்மை மாதிரிதான் இருக்கும். நான் முதலில் இதைக் கட்டியபோது பக்கத்துப் பாறையில் கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர், "இன்னா தம்பி, கொயந்தைக்கு வாங்கினதா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு அன்றைக்கு மீன் எதுவும் இல்லை.

லூருக்கு மாற நினைப்பவருக்கு நான் முதலில் கையில் கொடுப்பது இதைத்தான். காரணம், இது தவறைப் பொறுத்துக்கொள்ளும். முள் ஒன்றுதான், அதுவும் மேல்நோக்கி இருக்கும். அதனால் பாறையில் மாட்டுவது குறைவு. மாட்டி அறுந்தாலும் போவது ஒரு சினிமா டிக்கெட் காசுக்கும் குறைவு. பணம் போகிறதே என்ற பயம் இல்லாததால் மீன் இருக்கிற இடத்துக்கு, அதாவது பாறைக்கு ஒட்டியே, தைரியமாக வீசுவீர்கள். விலையுயர்ந்த லூரைக் கட்டியவர் பயந்து பயந்து நடுத்தண்ணீரில் வீசிக்கொண்டிருப்பார். அங்கே கொடுவா இல்லை.

வேலை இப்படி. ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் வீசி, தரை தொடும்வரை விடுங்கள். நரம்பு தளர்ந்தால் தொட்டுவிட்டது என்று பொருள். ராட் நுனியை இரண்டடி தூக்கி, நரம்பு இறுக்கமாகவே இருக்கும்படி மெதுவாகக் கீழே இறக்குங்கள். பெரும்பாலான கடி, ரப்பர் மீன் கீழே விழுகிற அந்த இரண்டு வினாடியில்தான் வரும். 'டொக்' என்று ஒன்று, கதவை யாரோ ஒரு தட்டு தட்டியது மாதிரி. நரம்பைத் தளரவிட்டு இறக்கினால் அந்தத் தட்டு உங்கள் கைக்கு வராது, மீன் துப்பிவிட்டுப் போயிருக்கும். "ஒரு கடிகூட இல்லை" என்கிறவர்களில் பாதிப்பேருக்குக் கடி வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஈயத்தலையின் எடை முக்கியம். கனமானது தூரமாகப் போகும், ஆனால் கல்லாக விழும். தரையைத் தொடுகிற அளவுக்கு மட்டும் எடை போதும். சாதாரண ஓட்டத்தில் நான் 14 கிராமில் தொடங்குவேன், ஓட்டம் கூடினால் 20. நிறத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். தெளிந்த நீருக்கு மடவைக் குஞ்சு மாதிரி வெள்ளை, கலங்கலுக்கும் ராத்திரிக்கும் கருப்பு அல்லது அடர்நிறம். கடைக்காரர் காட்டுகிற மீதிப் பன்னிரண்டு நிறமும் நம்மைப் பிடிப்பதற்கு.

மறைந்திருக்கும் செலவு? முதலில் பேத்தை. அது இறாலோடு நிற்காது, ரப்பர் வாலையும் கத்திரிக்கோலால் வெட்டினது மாதிரி வெட்டும். மூன்று வீச்சில் மூன்று வால் போனால் இடத்தை மாற்றுங்கள். அடுத்தது, இதற்கு மெல்லிய பிரெய்ட், அதாவது இழைகளைப் பின்னிய நரம்பு, வேண்டும். நீளாத நரம்பில்தான் அந்த 'டொக்' கைக்கு வரும், தடித்த தங்கூஸில் வராது. பிரெய்ட் வாங்கினால் முன்னால் லீடர் என்கிற தடித்த நரம்புத் துண்டைக் கட்டியே ஆக வேண்டும், 40 பவுண்டுக்குக் குறையாமல். கொடுவாவின் செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி. தலையை உதறினால் பிரெய்ட் நூலாகப் போய்விடும். பிரெய்டையும் லீடரையும் இணைக்கும் எஃப்ஜி முடிச்சைக் கற்றுக்கொள்ள இரண்டு சாயங்காலம் ஆகும். அதை வீட்டு மின்விசிறிக்குக் கீழே கற்றுக்கொள்ளுங்கள், காற்றடிக்கும் பாறையில் வேண்டாம். 8 முதல் 9 அடி ராட், 4000 அளவு ரீல், பிரெய்ட் எல்லாம் சேர்த்துத் தொடக்கத்தில் ஆறாயிரம் முதல் பத்தாயிரம் வரை ஆகும் என்பது என் கணக்கு. ஏற்கெனவே ராட் இருந்தால் பாதிதான்.

குப்பை இன்னொரு தொல்லை. சென்னைக் கழிமுகங்களில் நீர் வடியும்போது பாலித்தீன் பை மாட்டாமல் பத்து வீச்சு முடிந்தால் அதிர்ஷ்டம். நீர் ஏறும்போது கடலிலிருந்து வருவது ஓரளவு சுத்தமாக இருக்கும். லூர் போடுகிறவர் ஏற்றத்தில் போவது நல்லது.

## மின்னோ

முகத்தில் சின்ன நாக்கு வைத்த, 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள மீன் வடிவம். இந்த வகையைப் பிரபலமாக்கியவர் பின்லாந்தைச் சேர்ந்த லௌரி ராப்பாலா. பெரிய மீன்கள் கூட்டத்தில் தள்ளாடி நீந்தும் மீனைத்தான் தேர்ந்தெடுத்து அடிக்கின்றன என்று ஏரியில் கவனித்து, 1936-இல் தக்கையைச் செதுக்கி அந்தத் தள்ளாட்டத்தைக் கொண்டுவந்தார். கொடுவா விஷயத்திலும் சூட்சுமம் அதுதான்: சுற்று, நிறுத்து, மறுபடி சுற்று. நிறுத்துகிற நேரத்தில்தான் அடிக்கும்.

மின்னோ ஜெயிக்கிற ராத்திரிகள் உண்டு. பாலத்து விளக்கு தண்ணீரில் விழுந்து, வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டில் மடவை துள்ளிக்கொண்டிருக்கும்போது, இருட்டுப் பக்கத்திலிருந்து மெதுவாக அந்தக் கோட்டைக் கடத்திப் பாருங்கள். இடுப்பளவு ஆழத்தில், அடியைத் தொடாமல், நிறைய இடத்தைச் சீக்கிரம் தேடிப் பார்க்கவும் இதுதான் வசதி. கீச்சானும் கெளிறும் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. கடித்தால் கொடுவா, இல்லாவிட்டால் செப்பிலியோ பாறை மீனோ. என் கையில் வந்த பெரிய மீன்களில் பாதிக்கு மேல் மின்னோவில் வந்தவை. எண்ணிக்கையில் இறாலுக்குப் பக்கத்தில்கூட வராது.

செலவு இதில்தான் நிறைய ஒளிந்திருக்கிறது. நல்ல மின்னோ ஐந்நூறில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். மலிவான மின்னோவில் உடல் நன்றாகவே நீந்தும், முள்ளும் வளையமும்தான் கம்பியாக நெளியும். மூன்று கிலோ கொடுவா ஒன்று என் மின்னோவின் மும்முள்ளை (மூன்று கொக்கி சேர்ந்த முள்) நேராக நிமிர்த்தி எனக்கே திருப்பி அனுப்பியது. முள்ளையும் வளையத்தையும் மாற்றும் காசைச் சேர்த்தால் மலிவு லூர் மலிவே இல்லை. பாறையில் இரண்டு மும்முள்ளும் மாட்டும். மீன் துள்ளித் தலையை உதறும்போது லூரின் கனமே நெம்புகோலாகி முள்ளைக் கழற்றும். அது உங்கள் முகத்தை நோக்கி வரும், கண்ணாடி போடாமல் வீசாதீர்கள். கரைக்கு வந்த மீனைக் கழற்றும்போது ஒரு முள் மீன் வாயிலும் இன்னொன்று உங்கள் விரலிலும் இருந்தால் என்ன ஆகும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். மூக்கு இடுக்கி இல்லாமல் மின்னோ கட்டக்கூடாது.

தண்ணீர் மேல் ஓடும் பாப்பர் பற்றியும் கேட்பார்கள். பார்க்க அழகு. நமது அலை விழுகிற பாறைக்கரையில் அதற்கான அமைதி கிடைப்பது வருஷத்தில் சில நாள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | உயிர் இறால் | ரப்பர் மீன் | மின்னோ |
|---|---|---|---|
| தெளிந்த நீர் | நன்று | மிக நன்று | நன்று |
| மழைக்காலக் கலங்கல் | மிக நன்று | சுமார் | வீண் |
| கிளம்பி முதல் வீச்சு வரை | இரண்டு மணிக்கு மேல் | போய்ச் சேரும் நேரம்தான் | அதே |
| பாறை அடி | தக்கை இருந்தால் சரி | இழப்பு குறைவு | இழப்பு அதிகம் |
| ஒவ்வொரு முறையும் ஆகும் செலவு | தப்பாது, இறால் காசு | வாலும் ஈயத்தலையும் | ஒன்று அறுந்தாலே வலிக்கும் |
| மீனை விட நினைத்தால் | வட்ட முள் கட்டாயம் | எளிது | இடுக்கியும் நிதானமும் வேண்டும் |

## யாருக்கு எது

பையனையோ பெண்ணையோ முதல் முறை கூட்டிப்போகிறீர்களா? உயிர் இறால். கொடுவா வராவிட்டாலும் கிழங்கானோ கீச்சானோ வரும், பிள்ளைக்கு அது போதும். மழை பெய்து ஆறு இறங்கும் வாரத்திலும் இறால்தான், யோசிக்கவே வேண்டாம்.

வாரத்தில் ஒரு சாயங்காலம், அதுவும் இரண்டு மணி நேரம்தான் என்றால் ரப்பர் மீன். ராட் வண்டியில் கிடக்கலாம், ஒரு சின்ன டப்பா சட்டைப்பையில் போதும். ராயபுரம், காசிமேடு பக்கத்துத் தூண்டில் வளைவுகளில் நிற்கிறவருக்கும் இதுவே. துறைமுகம் வந்ததும் வடக்கே போகிற மணல் தடைபட்டு, மெரினா அகலமாகி, வடசென்னைக் கரை அரித்தது. அதைத் தடுக்கப் போட்ட பாறைகள்தான் அவை. வளைந்த வடிவத்தால் வந்த பெயர், தூண்டில்காரர்களுக்குச் சரியாகப் பொருந்திப்போய்விட்டது. அந்தப் பாறை இடுக்குகள் மின்னோக்களின் சுடுகாடு. அலை ஏறும் பாறையில் பாசி பச்சையாகத் தெரியும் கோட்டுக்குக் கீழே இறங்காதீர்கள், தனியாகவும் போகாதீர்கள்.

ராத்திரிப் பாலம், தெளிந்த தண்ணீர், மடவை நிறைய, பெரிய மீன் ஒன்று கிடைத்தால் போதும் என்ற மனசு. இந்த நான்கும் சேர்ந்தால் மின்னோ.

குழம்புக்கு மீன் வேண்டும் என்பவருக்கு ஒரு வார்த்தை. ஒன்றிரண்டு கிலோ மீனை எடுத்துக்கொள்ளுங்கள், ருசியும் அதில்தான். சென்னையில் இருக்கிற சிபா என்ற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-இல் கொடுவாவைக் குஞ்சு பொரிக்க வைத்ததிலிருந்து பண்ணைக் கொடுவாவும் சந்தைக்கு வருகிறது. அதனால் ஏழு எட்டு கிலோ தாய் மீன் கையில் வந்தால், படம் எடுத்துவிட்டு, வயிற்றைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீரில் விடலாம். செவுளுக்குள் விரலை விடாதீர்கள், மீனுக்கும் ஆகாது, உங்கள் விரலுக்கும் ஆகாது.

இதையெல்லாம் படித்துவிட்டு ரப்பர் மீனை முயன்று பார்ப்பது என்று முடிவு செய்தவருக்கு: அமாவாசைக்கு முந்தின நாளிலிருந்து நீர் ஏறும் நேரமாகப் பார்த்து மூன்று சாயங்காலம் ஒதுக்குங்கள். ஏற்றம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும், அதற்கேற்பக் கிளம்புங்கள். நீங்கள் வழக்கமாக இறாலில் மீன் எடுக்கிற அதே பாறையில் நில்லுங்கள், புது இடம் வேண்டாம். வெள்ளை நாலு, கருப்பு நாலு, ஈயத்தலை ஆறு. அந்த மூன்று நாளும் இறால் வாளியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பக்கத்தில் இருந்தால் இருபதாவது வீச்சில் கை தானாக அதற்குள் போய்விடும்.